படத்தில் காணப்படும் தொழிலாளி

கரடிப்பள்ளத் தேயிலைத் தோட்டத்தில் கரடி கிடையாது. பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்தில்தான், ஏழாம் நம்பர் மலையில், மழை ஊறிக் கிடந்த ஒரு காலையில் ராக்காயி கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்தாள். வலது தோள்பட்டைக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. அன்றிலிருந்து அந்தக் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போவதில்லை. கொண்டை போடுவதற்குக்கூடப் பக்கத்துக் காம்பரா ஷாமிலாதான் வர வேண்டும். ஷாமிலா வந்தால் கொண்டை முடிவதற்குள் லயத்து வரிசையில் இருபது வீட்டு விஷயமும் முடிந்துவிடும். அந்த வகையில் ராக்காயிக்கு நஷ்டமில்லை.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இலகு வேலை. அது கிடைத்தால் தோட்டத்து வேலைப் பதிவில் அவள் பேர் நிற்கும். பேர் நின்றால் தோட்டம் கொடுத்த காம்பரா, அவள் குடியிருக்கிற ஒற்றை அறை, நிற்கும். பேரை வெட்டிவிட்டால், மறுவாரமே யாராவது வந்து "வீடு வேல செய்றவங்களுக்குத்தானே?" என்று இழுப்பார்கள். புருஷன் இராமையா கொழும்பில் ஒரு கடைக்குக் காவல் நிற்கிறான். தீபாவளிக்கு வருவான், சட்டை காய்வதற்குள் போய்விடுவான். அவனைக் காட்டிக் காம்பராவைக் காப்பாற்ற முடியாது.

ஆஸ்பத்திரிக் கடிதம் அவளிடம் இருந்தது. "கையை உயர்த்த இயலாது" என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனால் தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி சொன்னால் போதாது. ஹட்டனிலிருக்கும் மலைச்சரிவுத் தொழிலாளர் நல்வாழ்வுச் சபை உறுதிப்படுத்த வேண்டும். சபை பத்து மாதமாக அந்தக் கடிதத்தை உறுதிப்படுத்துவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் சபைக்குக் கலையார்வம் வந்தது. கலாசார மேம்பாடு என்ற தலைப்பில் வந்த ஒதுக்கீடு செலவாகாமல் கிடந்தது. டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் மேலிடம் திருப்பி எடுத்துக்கொள்ளும். சபைத் தலைவர் விஜிதரன் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு சிந்தித்து, அசையாத போட்டோக்களை அசைய வைத்து எடுக்கும் பரிசோதனைக் குறும்படங்களுக்கு ஒரு விழா என்று அறிவித்தார். ஓடுகிற படம் எடுக்கக் கமரா, ஆட்கள், சாப்பாடு எல்லாம் வேண்டும். போட்டோ என்றால் சிக்கனம் என்பது அவருடைய கலைக்கொள்கை. நடுவர்கள் மூவர்: தலைவர், சபை வைத்தியர் டாக்டர் அஸீலா, செயலாளர் சுமன். தொழிலாளர்களின் கை கால்களைத் தீர்மானிக்கிற மருத்துவக் குழுவும் இதே மூவர்தான். சபையில் மீட்டிங் மேசைக்கு மூன்று நாற்காலிதான் இருந்தன.

ஹட்டனில் பிறந்து கொழும்பில் சினிமா படித்த நிரஞ்சன் என்ற பையன் ஒருநாள் கழுத்தில் கமராவோடு லயத்துக்கு வந்தான். ராக்காயி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

"அம்மா, அப்படியே இருங்க. அசையாதீங்க. ஒரே ஒரு போட்டோ."

"அசையச் சொன்னாதான் தம்பி கஷ்டம்," என்றாள் ராக்காயி.

ஒரு கிளிக். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். போனவன் மூன்று மாதம் அந்த ஒற்றைப் போட்டோவோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கையைத் தனியாக வெட்டினான். முழங்கையைத் தனியாக, மணிக்கட்டைத் தனியாக, விரல்களை ஒவ்வொன்றாக வெட்டினான். பின்னால் வேறொரு போட்டோவிலிருந்து தேயிலைச் செடிகளைக் கொண்டுவந்து நட்டான். பிறகு கையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, நகர்த்தியதையெல்லாம் வரிசையாக ஓடவிட்டான். ஆறு நிமிடப் படம். பேர் 'அசைவு'.

விழா நாளில் ராக்காயியையும் ஷாமிலாவையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். விளக்கு அணைந்தது. திரையில் ராக்காயி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மடியிலிருந்த வலது கை சிலிர்த்தது. மெல்ல எழுந்தது. நெஞ்சைத் தாண்டியது, தோளைத் தாண்டியது, தலைக்கு மேலே போய்க் கொழுந்தைக் கிள்ளி முதுகுக்குப் பின்னால் எறிந்தது. மறுபடி எழுந்தது. கீழே முன்வரிசையில், ராக்காயியின் இடது கை அவளை அறியாமலே போய் வலது தோளைப் பிடித்துக்கொண்டது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்தக் கை மேலே போவதைப் பார்க்கிறாள். கண் கலங்கிவிட்டது.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் விஜிதரன் மட்டும் கைதட்டவில்லை. சுமன் பக்கம் சாய்ந்து, "இந்தப் பொம்பளைட ஃபைல் நம்ம மேசையில இருக்கல்ல?" என்றார்.

'அசைவு' முதல் பரிசு பெற்றது. நிரஞ்சனுக்கு வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போகச் சபை செலவில் விமானச் சீட்டு. அடுத்த வாரம் ராக்காயிக்கும் சபையிலிருந்து கடிதம் வந்தது. ஷாமிலா உரக்க வாசித்தாள்.

"கையை உயர்த்த இயலாது என்று விண்ணப்பித்திருந்த தாங்கள், ஆறு நிமிடங்களில் பதினொரு தடவை கையை உயர்த்தியமை சபையின் கவனத்துக்கு வந்துள்ளது. வெள்ளிக்கிழமை விசாரணைக்குச் சமுகமளிக்கவும்."

வாசித்துவிட்டு, "பதினொரு தடவையா அக்கா? நான் பத்துன்னுல்ல எண்ணினேன்," என்றாள்.

ராக்காயிக்குச் சிரிப்பு வரவில்லை. "அது நான் இல்லையேடி."

"மூஞ்சி ஒங்க மூஞ்சிதானே அக்கா."

வெள்ளிக்கிழமை ஷாமிலா அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி, போனாலும் போகட்டும் என்று கூடவே வந்தாள். துணைக்கு என்று சொல்லிக்கொண்டாள். இப்படி ஒரு விசாரணையை நேரில் பார்க்காமல் விட்டால் அவளுக்கு ஒரு மாதம் சோறு இறங்காது. சபை அறையில் திரை கட்டியிருந்தார்கள். மூவரும் மேசைக்குப் பின்னால். நிரஞ்சனையும் வரச் சொல்லியிருந்தார்கள். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். படத்தை ஓடவிட்டார்கள். சுமன் ஒவ்வொரு தடவை கை எழும்போதும் ஒரு கோடு போட்டார். பதினொரு கோடு.

"இது யாரம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"நான்தாங்க ஐயா. ஆனா நான் தூக்கலங்க. அந்தத் தம்பிதான் தூக்குனாரு."

"தம்பி ஒங்க கையத் தூக்கினாரா? தொட்டாரா?"

"தொடலங்க!"

"தொடவும் இல்ல, தூக்கவும் இல்ல. கை தானா எழும்பியிருக்கு. எழுதிக்கங்க சுமன்."

ராக்காயிக்கு வியர்த்தது. ஹட்டன் குளிரில் வியர்ப்பது லேசான காரியமல்ல. "ஐயா, அவரு எடுத்தது ஒரே ஒரு போட்டோங்க. அதுல கை மடியிலதான் இருக்கு. பாருங்க."

நிரஞ்சன் அவசரமாகப் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தான். தலைவர் அதைக் கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். அவர் பேசத் தயாராகிறார் என்று சுமனுக்குத் தெரியும், பேனாவை மூடிவிட்டார்.

"அம்மா, போட்டோ என்பது ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் உங்கள் கை கீழே இருந்திருக்கலாம். நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த நொடியில் என்ன நடந்தது? அதைப் போட்டோ சொல்லாது. படம் சொல்கிறது. ஒரு நொடிச் சாட்சியம் ஒரு பக்கம், ஆறு நிமிடச் சாட்சியம் ஒரு பக்கம். இந்தச் சபை எப்போதும் தொழிலாளியின் பக்கம்தான் நிற்கும். அதிலும் அதிக நேரம் உழைக்கிற தொழிலாளியின் பக்கம்."

"டாக்டரம்மா, நீங்களாச்சும் தொட்டுப் பாருங்களேன்," என்று ராக்காயி கெஞ்சினாள்.

டாக்டர் அஸீலா எழுந்து வந்தார். நல்ல மனுஷி, கை சூடாக இருந்தது. "மெதுவா தூக்குங்க பாப்போம்." ராக்காயி பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். நெஞ்சுவரை வந்தது. நடுங்கியது. நின்றது. டாக்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"படத்தில் உயர்த்துகிறார். சபைக்கு முன்னால் உயர்த்த மறுக்கிறார்," என்றார் தலைவர். "ஒத்துழையாமை. எழுதுங்க."

டாக்டர் திறந்த வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அவருடைய ஒப்பந்தமும் டிசம்பரில் முடிகிறது.

எல்லோரும் நிரஞ்சனைப் பார்த்தார்கள். தலைவர் ஒரு தாளை உயர்த்தினார். "விழா விதி நான்கு. 'இப்படத்திலுள்ள ஒவ்வோர் அசைவும் உண்மையானது.' இது உங்க கையெழுத்துத்தானே தம்பி?"

"அது… கலை அர்த்தத்தில ஐயா. அசைவுங்கிறது திரையில நடக்கிறதில்ல. பார்க்கிறவங்க மனசிலதான் நடக்குது."

"பார்த்தது நாங்க மூணு பேர். மூணு பேர் மனசிலயும் நடந்தது. ஏகமனதான தீர்மானம்."

ராக்காயி நிரஞ்சனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டும். விமானச் சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. வழவழ உறை வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. பையன் அதை விரலால் உள்ளே தள்ளினான்.

"இல்ல ஐயா," என்றான் கடைசியில். "நான் வெட்டி ஒட்டினது. இந்தா பாருங்க." மடிக்கணினியைத் திறந்தான். திரையில் வெறும் வெள்ளை. நடுவில் ராக்காயியின் வலது கை மட்டும், தோளிலிருந்து வெட்டப்பட்டுத் தனியாகக் கிடந்தது. ஒரு பொத்தானை அழுத்தினான். கை எழுந்தது, கிள்ளியது, எறிந்தது. "ஒடம்பே இல்ல ஐயா. கை மட்டும்தான்."

ஷாமிலா, "அடி ஆத்தே," என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராக்காயிக்கு உயிர் வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தலைவர் அந்தத் தனிக்கையை நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உடம்போடு சேராமலே இந்தக் கை இவ்வளவு வேலை செய்கிறது. சேர்ந்திருந்தால் எவ்வளவு செய்யும்!"

சுமன் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. லீவு நாளில் சபைக் கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. கெட்ட செய்திக்கு மட்டும் சபை ஜீப் உடனே கிடைத்துவிடுகிறது. ஷாமிலா அதன் சாரத்தைச் சொன்னதுமே ராக்காயி காம்பராவுக்குள் தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு சாக்கில் போடத் தொடங்கினாள். ஏழாம் நம்பர் மலைக்குப் போனால் இன்னொரு தடவை விழுவாள். இடது கையும் போகும். போகாவிட்டால் மூன்று நாளில் பேரை வெட்டுவார்கள். இரண்டில் எது முந்துகிறதோ அதற்குத் தயாராக இருக்க வேண்டுமல்லவா?

"சாக்க வச்சிட்டு இங்க கேளுங்கக்கா," என்று ஷாமிலா கடிதத்தை வார்த்தைக்கு வார்த்தை வாசித்தாள். "படத்தில் காணப்படும் தொழிலாளி பூரண ஆரோக்கியத்துடன் இருப்பதாகச் சபை திருப்தியடைகிறது. படத்தில் காணப்படும் தொழிலாளி திங்கட்கிழமை காலை பெரட்டுக்கு வந்து, ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்க வேண்டும். தவறினால் மூன்றாம் நாள் பெயர் நீக்கப்படும்."

ராக்காயி சாக்கைக் கீழே வைத்தாள். "திரும்பப் படி."

படித்தாள்.

"யார வரச் சொல்லியிருக்கு?"

"படத்தில் காணப்படும் தொழிலாளிய."

"என் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

ஷாமிலா கடிதத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். கவரையும் உதறிப் பார்த்தாள். "மேல விலாசத்துல மட்டும் இருக்குக்கா."

"அப்ப அவளையே அனுப்புவோம்," என்றாள் ராக்காயி. "அவதானே நல்லா இருக்கா."

திங்கட்கிழமை பெரட்டில், வேலைக்கு வந்தவர்களைப் பேர் கூப்பிட்டு மலைமலையாகப் பிரித்து அனுப்புகிற கணக்கப்பிள்ளை சின்னராசா, "ராக்காயி!" என்று கூப்பிட்டார். ஷாமிலா தன் போனை உயர்த்திப் பிடித்தாள். அதில், நிரஞ்சனிடம் கேட்டு வாங்கிய படத்தில், ராக்காயி கையை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"வந்திருக்காங்கய்யா."

"என்னடி வெளையாட்டா?"

"வெளையாட்டு இல்லங்கய்யா. நீங்களே படிச்சுப் பாருங்க. முத்திரை குத்தியிருக்கு."

சின்னராசா கடிதத்தைப் படித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். ஓரமாக நிற்கிற ராக்காயியைப் பார்த்தார், போனைப் பார்த்தார். இருபத்தாறு வருஷ சர்வீசில் அவர் ஒரு விஷயத்தை நன்றாகக் கற்றிருந்தார்: முத்திரை உள்ள தாளோடு வாதாடக் கூடாது. ஆனாலும் தோட்டத்து மேனேஜர் துரைக்குப் போன் போட்டார். துரை அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "சரிங்க தொர, சரிங்க தொர" என்று ஆறு தடவை தலையாட்டிவிட்டு வந்தார்.

"கடிதத்துல உள்ளபடியே செய்யட்டுமாம். சபையோட மல்லுக்கு நிக்க அவரால ஏலாதாம்." பேனாவை எடுத்தார். "ராக்காயி, ஏழாம் நம்பர்."

போனைப் பொலித்தீன் பையில் போட்டு, ஏழாம் நம்பர் மலையில் ஒரு தேயிலைச் செடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். சார்ஜ் இறங்காமல் இருக்க ஷாமிலாவின் மச்சான் ஒரு பவர் பேங்க் கொடுத்திருந்தான். படம் முடிந்ததும் தானாக மறுபடி தொடங்கியது. மழையில், பனியில், செடியில் தொங்கிக்கொண்டு ராக்காயி கையைத் தூக்கிக் கிள்ளி எறிந்துகொண்டே இருந்தாள். தேத்தண்ணி நேரத்தில்கூட நிறுத்தவில்லை. "இவ நம்ம எல்லாரு வேலைக்கும் ஒல வச்சிருவா போலயே," என்று பக்கத்து நிரையில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

அந்தியில் கொழுந்து நிறுக்கிறபோது தராசில் எல்லோருடைய சாக்கும் ஏறியது. ராக்காயிக்குப் பூச்சியம். செவ்வாயும் பூச்சியம். புதன் மூன்றாவது நாள். கொழுந்து வராவிட்டால் வேலைக்கு வந்ததாகக் கொள்வதா, வராததாகக் கொள்வதா? சின்னராசா தாங்க முடியாமல் துரை மூலம் சபைக்கு எழுதினார்: "தொழிலாளி காலை ஏழரை முதல் நான்கரை வரை ஓயாமல் கையை உயர்த்துகிறார். கொழுந்து மட்டும் வரவில்லை. பேரை வெட்டுவதா என்று அறியத் தரவும்."

புதன் பகல் சபை ஜீப்பே வந்துவிட்டது. தலைவரும் சுமனும் டாக்டரும் குடையோடு இறங்கி, சறுக்கிச் சறுக்கி மலையேறினார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ராக்காயி வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது தலைவர் வாயைத் திறந்து "இது போன், இது ஆள் இல்லை" என்று சொன்னால் போதும், அவள் பேர் போய்விடும். ஆனால் அதைச் சொன்னால் ஏகமனதான தீர்மானமும் போய்விடும். முதல் பரிசு போய்விடும். விழாச் செலவுக் கணக்கும் கேள்விக்கு வந்துவிடும். விஜிதரன் செடி முன்னால் நின்றார். மழை குடையிலிருந்து அவர் சப்பாத்தில் சொட்டியது. போனில் கை எழுந்தது, கிள்ளியது, எறிந்தது. இருபது நிமிடம் பார்த்தார். மலையில் ஒருத்தியும் கொழுந்தெடுக்கவில்லை.

கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், உன்னிப்பாகக் கவனித்தீர்களா? கை உயர்கிறது. மறுப்பதற்கில்லை, சபை முன்பே கண்டறிந்த உண்மை அது. ஆனால் உயர்ந்த கையால் ஒரு கொழுந்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இது பார்ப்பதற்கு ஆரோக்கியம் போலத் தோன்றும் ஒரு நோய். சாதாரண ஆஸ்பத்திரிகளால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நமது சபையின் கலை விழாவால்தான் முடிந்தது."

டாக்டர் அஸீலா இந்தத் தடவை வாயை மூடவில்லை. "பிடிமானம் முற்றாக இழப்பு," என்று மளமளவென்று எழுதி, தலைவர் மனம் மாறுவதற்குள் கையெழுத்தும் போட்டுவிட்டார். "இலகு வேலைதான் கொடுக்கணும் சேர்."

"கொடுங்கள். படத்தில் காணப்படும் தொழிலாளிக்குப் பிள்ளை மடுவத்தில் இலகு வேலை. கூட ஒரு வரி சேருங்கள் சுமன்: சபையின் மருத்துவ அனுமதியின்றி, இனி எந்தக் கலைஞரும் அந்தக் கையை இதற்கு மேல் உயர்த்தலாகாது."

செடியிலிருந்து போனை அவிழ்க்கும்போது ஷாமிலா பள்ளத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கூவினாள். என்ன கூவினாள் என்று மழையில் கேட்கவில்லை. ராக்காயி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது ராக்காயி பிள்ளை மடுவத்தில் இருக்கிறாள். இடது கையால் தொட்டில் ஆட்டுகிறாள், இடது கையால் பால் கரைக்கிறாள். பேர் நிற்கிறது, காம்பரா நிற்கிறது. உண்மையைச் சொன்னதற்காக நிரஞ்சனின் விமானச் சீட்டைச் சபை திருப்பி வாங்கிக்கொண்டது. முதல் பரிசை மட்டும் திருப்பி வாங்க முடியவில்லை, வாங்கினால் தீர்ப்பையும் கூடவே திருப்பி வாங்க வேண்டிவரும். பையனுக்கு அதில் பெரிய வருத்தமில்லை போலிருக்கிறது. போன வாரம் போன் பண்ணினான்.

"அம்மா, 'அசைவு' ரெண்டாம் பாகம் பண்ணலாம்னு இருக்கேன். அதே போட்டோதான். இந்தத் தடவ நீங்க எழும்பி நடந்து, மலையேறி, உச்சிக்கே போறீங்க."

மடியிலே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழும்பிவிடாமல் ராக்காயி குரலைத் தணித்தாள்.

"அய்யோ வேணாந் தம்பி. அவள உக்கார வச்சே எடுங்க. அவளுக்கு லேசு வேலதான் குடுத்திருக்காங்க."